பட்டை வில்லும் தோட்டத்துப் பாதையும்

யட்டியாந்தோட்டைக்கு மேலே தோட்டங்களுக்கு ஏறும் பாதைகளில், பழைய லாண்ட்ரோவர் பிக்-அப்பின் பின்தட்டில் அமர்ந்து போனவர்கள் தம் முதுகெலும்பின் கணுக்களை எண்ணிச் சொல்லிவிடுவார்கள். செய்தி தேடிப் போன நாட்களில் நானும் எண்ணியிருக்கிறேன். முன்னாசனம் துரைக்கு உரியது. சில தோட்டங்களில் துரையின் நாய்க்கும்.

1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் ரோவர் நிறுவனம் அறிமுகப்படுத்திய வண்டி அது. விவசாயிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டதால், நான்கு சக்கரங்களுக்கும் அடுக்குப் பட்டை வில்களே. சுமைக்கு ஏற்றவை அவை. உர மூட்டைகளை ஏற்றினால் வண்டி பணிந்து ஓடும். வெறுந்தட்டோடு போனால் துள்ளும். துள்ளுகிற பின்சக்கரம் கொண்டை ஊசி வளைவில் பிடிப்பை இழக்கும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிற இரத்தினபுரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. சேறும் துருவும் இடையே புகுந்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டிய பட்டைகள் இறுகி ஒரே கட்டையாகிவிடும்.

1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. எனவே வைத்தியமெல்லாம் உள்ளூர்ப் பட்டறைகளில்தான். பட்டைகளைக் கழற்றித் துருநீக்கி, கிரீஸ் பூசி மீண்டும் அடுக்குவார்கள். வளைவு தளர்ந்ததை உலையில் காய்ச்சி வளைத்து எண்ணெயில் தோய்ப்பார்கள். லொறியிலிருந்து கழித்த பட்டையொன்றைச் சேர்த்துப் பூட்டுவதும் உண்டு. சுமை கூடும், ஓட்டம் கெடும். பட்டையைக் கூட்டச் சொல்லி வந்தவர்களே அதிகம், குறைக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை என்று பெல்மதுளைப் பக்கத்து முதிய மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்னார்.

இந்த வண்டியில் ஒரு நுட்பம் உண்டு. சாரதியும் எரிபொருள் தாங்கியும் வலப்பக்கம் இருப்பதால், அப்பக்கத்து வில்லுக்குச் சற்றுக் கூடுதலான வளைவு கொடுத்திருந்தார்கள். சாரதியின் எடைவரை கணக்கிட்டவர்களுக்குப் பின்தட்டில் மனிதர் படுத்து வருவர் என்று தோன்றியிருக்க நியாயமில்லை. இங்கே படுத்து வந்தார்கள். பிரசவ வலி கண்ட பெண்ணும் கால் முறிந்த இறப்பர் பால் வெட்டுத் தொழிலாளியும், லொறி கிடைத்தால் லொறியில், பிக்-அப் கிடைத்தால் அதன் தட்டில், கம்பளியை விரித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று. கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றுவது இரண்டு மாற்றங்களையும் கடந்து நீடித்தது.

இதற்கிடையில் 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் சுருள்வில்லுக்கு மாறியது. 1983இல் லாண்ட்ரோவரும் மாறியது. தோட்டத்து ஏலங்களில் போன பழைய வண்டிகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கி, பராபோலிக் வில் பூட்டுகிறார்கள். நடுவில் தடித்து நுனியில் மெலிந்த இரண்டு மூன்று பட்டைகள்தான். நடுவிலும் நுனிகளிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடும். உராய்வு குறைவதால் சக்கரம் பள்ளத்தோடு இறங்கி ஏறும். ஆனால் அதிர்வை அடக்கியதும் அந்த உராய்வே. ஆகவே நல்ல ஷொக் அப்சோர்பர்களும் வேண்டும். அவற்றை மாற்றாமல் வில்லை மட்டும் மாற்றியவர் தொட்டிலில் போவார்.

அப்படி மாற்றிய வண்டியொன்றில் றக்வானைப் பாதையில் சென்றேன், இம்முறை முன்னாசனத்தில். சுகமாகத்தான் இருந்தது. கழற்றிய பழைய பட்டைகளை என்ன செய்தீர்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். தோட்டத்துக் கொல்லன் வாங்கிப் போனானாம், கவ்வாத்துக் கத்தி அடிக்க.