மாத்திரைக்கு முன்னால் சோறு

மருத்துவ வரலாறு என்று நமக்குச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறு. காசநோய் என்றால் 1882-இல் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக். அதற்கப்புறம் ஊசி, மாத்திரை. எவருடைய உடம்பில் சோதித்து இந்த அறிவு உறுதியானது என்று யாரும் கேட்பதில்லை. நான் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அந்த உடம்புகளில் ஒரு பகுதி சென்னை ஏழைகளுடையது.

1950கள் வரை காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம். தாம்பரத்தில் டாக்டர் சவுரி முத்து 1928-இல் தொடங்கியது அப்படி ஒன்று. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. இதெல்லாம் இல்லாத குடிசையில் கிடப்பவன் பிழைக்க மாட்டான், பக்கத்தில் படுப்பவனுக்கும் நோயைக் கொடுப்பான் என்பது அன்றைய நம்பிக்கை. படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கை கிடைக்காதவன் வீட்டிலேயே இருமிச் சாக வேண்டியதுதான்.

1956-இல் சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு மையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேர்ந்து நடத்தியது. சென்னையின் நெரிசலான ஏழைத் தெருக்களிலிருந்து 193 நோயாளிகளை எடுத்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, ஒரு பாதி அவரவர் வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-இல் முடிவு வெளியானது. ஆய்வில் கணக்கிடப்பட்டவர்களில் சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, உடம்பை வருத்தியது அதிகம், இருந்தும் அவ்வளவுதான் வித்தியாசம். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். குடிசைவாசி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

ஆனால் அவனை நம்பினார்களா? மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறானா என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஆராய்ச்சிக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு சொல் வளர்ந்து ஊர் ஊராக வந்துவிட்டது: டிபால்டர். மாத்திரையைப் பாதியில் விட்டவன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவன், வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு வாந்தி எடுத்தவன் எல்லாருக்கும் அதே பெயர். பட்டினி கிடந்தவனைக் குற்றவாளியாக்குகிற சொல் அது.

இன்னொன்றும் நடந்தது. சரியான மருந்து இருந்தால் உணவு வித்தியாசம் குணமாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று 1961-இல் அதே மையம் எழுதியது. நோய் வந்தவன் குணமாவதைப் பற்றிய பதில் அது. நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பது வேறு கேள்வி. 1962-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இருந்தது, சோறு இல்லை. சோற்றுக்குப் பதிலாக உபதேசம் வந்தது: சத்தாகச் சாப்பிடு, சுத்தமாக இரு. எங்கள் தெருக் கிழவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “பால் குடி, முட்டை தின்னுன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு என்ன செலவு? வாங்கறதுக்குத்தானே எனக்குச் செலவு.”

அந்த இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் தேட அறுபது வருஷம் பிடித்தது. 2019-இல் ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில் ஒரு ஆய்வு தொடங்கியது. நோயாளிகள் 2,800 பேர். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் 10,345 பேர். இந்த வீட்டாரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆதிவாசிகள். மூன்றில் ஒருவர் போதிய சாப்பாடில்லாமல் மெலிந்தவர். எல்லா நோயாளிகளுக்கும் உணவு கொடுத்தார்கள். ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கும் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023-இல் வந்த முடிவு: சாப்பாடு கிடைத்த குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலைத் தாக்கிப் பரிசோதனையில் கிருமி உறுதியான நோய் 48 சதவீதம் குறைந்தது.

தடுப்பு மருந்து என்றால் ஊசியில்தான் வரும் என்று நினைத்திருந்தோம். அது அரிசி மூட்டையிலும் இருந்தது. இன்னொரு பிரிவுக் குடும்பங்களுக்கு அந்த அரிசி போகவில்லை. ஆய்வு செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. பசிக்குச் சோறு போட்டால் நோய் குறையும் என்பதற்கு இத்தனை சாட்சி கேட்கிற அரசமைப்பைத்தான் சொல்கிறேன்.

2018-இல் அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. அது நோய் வந்தபிறகு வரும் காசு. பசி முன்னாடியே வந்துவிடுகிறது. நிலம் இல்லாதவன், கூலி குறைவாக வாங்குகிறவன், காற்றே நுழையாத ஒற்றை அறையில் ஆறு பேர் படுப்பவன் யார் என்று இந்த நாட்டில் சாதியைச் சொல்லாமல் சொல்ல முடியாது. நோய்த்தடுப்பு பற்றிப் பேச நம் தெருவுக்கு வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: எங்கள் பழக்கவழக்கத்தைத் திருத்துவது இருக்கட்டும், ரேஷனில் பருப்பு எத்தனை கிலோ? கூலி எவ்வளவு? நிலம் எங்கே?