முள்ளை நகர்த்தும் கட்டளை: பழைய இசைத்தட்டுக் கருவிகளில் ரிமோட் இணைப்பு வந்த வழி

பாடகர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குரல் 78 சுழற்சித் தட்டுகளில் வீடுகளுக்கு வந்த காலத்தில், பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான் ஓடும். முடிந்ததும் எழுந்துபோய் முள்ளைத் தூக்கித் தட்டைத் திருப்ப வேண்டும். இந்த வேலையைக் குறைக்கத்தான் தானாகத் தட்டு மாற்றும் கருவிகள் பிறந்தன. அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் 1927இல் அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் இருந்தவை பல்சக்கரங்களும் நெம்புகோல்களும்தான். முள் எப்போது இறங்க வேண்டும் என்பது உலோகத்தின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு கம்பி வந்து அதனிடம் எதையும் சொல்ல முடியாது.

1948இல் வந்த எல்.பி. தட்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொடுத்தது. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ராதா விஸ்வநாதனும் பாடி எச்.எம்.வி. வெளியிட்ட வெங்கடேச சுப்ரபாதம் அந்த நீளத்தால்தான் தடையின்றி ஒலித்தது. திருப்பதியிலும் காணிப்பாக்கத்திலும் சென்னையிலும் அதைக் கேட்டவர்களின் கருவிகள் பெரும்பாலும் எளியவை. எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிகளில் முள்ளைக் கையால்தான் வைக்க வேண்டும். இத்தகைய கருவிக்கு இன்று ரிமோட் பொருத்துவதென்றால் முள் தாங்கும் கையை அசைக்கப் புது மோட்டாரே வைக்க வேண்டும். அப்படிச் செய்தபின் மிஞ்சுவது வேறு கருவி.

திருப்பம் டென்மார்க்கின் ஸ்ட்ரூயர் ஊரில் நிகழ்ந்தது. அங்கே 1925இல் தொடங்கப்பட்ட பேங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனம், யாகோப் யென்சனின் வடிவமைப்பில் 1972இல் பியோகிராம் 4000ஐ வெளியிட்டது. அதன் கை வளைவாகத் திரும்பாமல், தட்டின் விளிம்பிலிருந்து மையத்துக்கு நேர்கோட்டில் நகர்ந்தது. கை சற்றே விலகினாலும் ஒளியுணரி அதைக் கண்டுகொள்ளும். உடனே சிறு மோட்டார் கையைத் தாங்கும் வண்டியை நகர்த்தும். பக்கத்திலேயே இன்னொரு கை உண்டு. அது கீழே ஒளி பாய்ச்சி, திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்க்கும். சுழல்மேடையின் கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் வெளிச்சம் விட்டுவிட்டு வரும். தட்டு இல்லை என்று பொருள், முள் இறங்காது. தட்டின் அளவை அறிந்து வேகத்தையும் அதுவே தேர்ந்துகொள்ளும். இவ்வளவையும் தீர்மானித்தவை டிரான்சிஸ்டர் சுற்றுகள். மனிதன் செய்ய வேண்டியது ஒரு பொத்தானைத் தொடுவது மட்டுமே.

இசைத்தட்டுக் கருவிகளின் ரிமோட் வரலாற்றை 1980இலிருந்து தொடங்குவது வழக்கம். 1972இலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. பொத்தான் என்பது மின்தொடர்பாக மாறிவிட்ட பிறகு, அதை அழுத்துவது விரலா, கம்பியில் வரும் துடிப்பா என்பது கருவிக்கு ஒன்றுதான்.

அதே நிறுவனம் 1980களில் டேட்டாலிங்க் முறையை நிலைநிறுத்தியது. பியோமாஸ்டர் 8000 ரிசீவரும் நுண்செயலி கொண்ட பியோகிராம் 8000மும் ஏழு முனை டின் பிளக்கால் இணைந்தன. ஒலி செல்லும் அதே கேபிளிலேயே கட்டளைக்கும் ஒரு கம்பி. துடிப்புகளுக்கு இடையே உள்ள நேர இடைவெளிகளே செய்தியாயின. பேச்சு இருவழியாக நடந்தது: ரிசீவர் 'ஓடு' என்னும், கருவியில் நேரடியாகப் பொத்தானைத் தொட்டாலோ, ரிசீவர் விழித்துக்கொண்டு தட்டின் ஒலிக்கு மாறும்.

முந்தைய பியோகிராம் 4000, 4002 கருவிகளுக்கு இந்த மொழி தெரியாது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் இன்று அவற்றுக்கு அதைக் கற்றுத் தருகிறார்கள். மைக்ரோகண்ட்ரோலர் வைத்த சிறு பலகை ஒன்று உள்ளே அமர்கிறது. அது கட்டளைக் கம்பியைக் கேட்டு, உரிய பொத்தானின் இரு முனைகளையும் கணநேரம் இணைக்கிறது. கருவியின் பழைய சுற்று, விரல் பட்டதாகவே எண்ணி வேலையைத் தொடங்குகிறது. கட்டளைக்கும் கம்பி தேவை என்பதால், ஐந்து முனைக் கேபிளை ஏழு முனைக்கு மாற்ற வேண்டும்.

கடினமான இடம் இரைச்சல். முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. பக்கத்தில் இலக்கத் துடிப்புகள் ஓடினால், தரைக்கம்பி தவறாகச் சேர்ந்தால், ஸ்பீக்கரில் முனகல் கேட்கும். பொத்தான் பக்கத்தை ஒளிவழி இணைப்பானால் பிரித்து வைப்பது நல்ல தற்காப்பு. மூலப் பலகையில் எந்தத் தடத்தையும் அறுக்கக்கூடாது என்பதையும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். புதுப் பலகையைக் கழற்றி எடுத்தால், கருவி ஆலையை விட்டு வந்தபடியே ஓட வேண்டும்.