"எஸ் குடுப்பா, அது எப்பவும் கேட்கும்": ரிப்பேர் சாஃப்ட்வேரின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். இன்ஜினியரிங் படிச்ச எல்லாருக்கும் நடக்கிறது எனக்கும் நடந்தது. "தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பார்க்கிற? இது ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, கொஞ்சம் பாரேன்" என்று அங்கிள் அவருடைய பழைய டெஸ்க்டாப் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

திரையில் ஒரு கிளீனர், ஒரு டிரைவர் அப்டேட்டர், ஒரு ஸ்பீடு பூஸ்டர். மூணுமே கம்ப்யூட்டரைச் சரிபண்ண வந்தவை. மூணுமே "என்னை அப்டேட் பண்ணு"ன்னு ஓரத்தில் கத்திக்கிட்டு இருந்தது. ஒண்ணைக் கிளிக் பண்ணேன். திரை மங்கி, அந்தப் பெட்டி வந்தது. இந்த புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா? நான் யோசிக்கிறதுக்குள்ள அங்கிள் சொன்னார்: "எஸ் குடுப்பா, அது எப்பவும் கேட்கும்."

அந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது? யார் யாருக்கு அதைக் கொடுத்தோம்? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க

1981 ஆகஸ்ட்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தது. அதில் டாஸ். மவுஸ் கிடையாது, ரீசைக்கிள் பின் கிடையாது. ஒரு கட்டளையைத் தப்பா டைப் பண்ணி ஃபைலை அழிச்சிட்டீங்கன்னா அழிஞ்சதுதான். அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் பீட்டர் நார்ட்டன் என்ற புரோகிராமரும் ஒரு நாள் தன் ஃபைல் ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டார். அதை மீட்க ஒரு புரோகிராம் எழுதினார். 1982-ல் அது நார்ட்டன் யுடிலிட்டீஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்த அன்இரேஸ் என்ற கருவிதான் அவரைப் பிரபலமாக்கியது.

அது எப்படி வேலை செய்தது? டாஸ் ஒரு ஃபைலை அழிக்கும்போது உள்ளே இருக்கிற டேட்டாவைத் தொடுவதே இல்லை. டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் ஃபைல் பெயரின் முதல் எழுத்தை எடுத்துட்டு, அங்கே ஒரு தனிக் குறியை வைக்கும். அந்த ஃபைல் இருந்த இடங்களை 'காலி' என்று குறித்துவிடும். அவ்வளவுதான். வீட்டு வாசலில் 'டு-லெட்' போர்டு மாட்டியாச்சு, ஆனா உள்ளே சாமான் அப்படியே கிடக்கு.

நார்ட்டனின் புரோகிராம் டாஸைக் கேட்காமல் நேரடியாக டிஸ்க்கைப் படித்தது. 'பட்ஜெட்' என்ற ஃபைலை அழிச்சிருந்தா, அது '?ட்ஜெட்' என்று தெரியும். முதல் எழுத்து என்னன்னு உங்களைக் கேட்கும். நீங்க சொன்னதும், சிதறிக் கிடக்கிற துண்டுகளைச் சேர்த்துத் தர முயற்சி பண்ணும்.

இதில் ஒரு முக்கியமான விதி இருந்தது. ஃபைல் தொலைந்த டிஸ்க்கிலேயே மீட்கிற சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணக்கூடாது. ஏன்னா அந்த சாஃப்ட்வேர் போய் உட்காருகிற 'காலி' இடம், நீங்க தேடிக்கிட்டு இருக்கிற ஃபைலோட இடமாகவே இருக்கலாம். காப்பாற்ற வந்ததே அழிச்சிடும். அதனால் தனி ஃபிளாப்பியில் வைத்து ஓட்டினார்கள். இன்னைக்கும் டேட்டா ரெகவரிக்கு இந்த விதி அப்படியே பொருந்தும்.

கவனிச்சீங்களா? கதையோட முதல் பக்கத்திலேயே விஷயம் வந்துடுச்சு. ரிப்பேர் பண்ணணும்னா, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தாண்டிக் கீழே போகணும். கீழே போற கைக்கு மீட்கவும் தெரியும், அழிக்கவும் தெரியும். ரெண்டும் ஒரே கைதான்.

அந்தக் காலத்தில் டாஸ் யாரையும் தடுக்கவில்லை. எந்த புரோகிராமும் டிஸ்க்கில் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். 'எஸ்'ஸா 'நோ'வா என்று கேட்கவே ஆளில்லை. மக்கள் நம்பினது ஒரு முகத்தை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பீட்டர் நார்ட்டனின் போட்டோ பெட்டியின் மேல் இருக்கும். ஒரு டாக்டரின் பெயர்ப் பலகை மாதிரி. 1990-ல் சிமான்டெக் அவருடைய கம்பெனியை வாங்கியது. அதற்குப் பிறகும் பெயரையும் முகத்தையும் பல வருடம் விடவில்லை.

மைக்ரோசாஃப்டும் சும்மா இருக்கவில்லை. 1991-ல் வந்த எம்எஸ்-டாஸ் 5-ல் அழிந்த ஃபைலை மீட்கும் வசதி டாஸோடு சேர்ந்தே வந்தது. அதைத் தாங்களே எழுதவில்லை. நார்ட்டனின் போட்டியாளரான சென்ட்ரல் பாயின்ட் சாஃப்ட்வேரிடம் லைசென்ஸ் வாங்கினார்கள். 1993-ல் வந்த டாஸ் 6-ல் டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக் கருவி சிமான்டெக்கிடமிருந்து வந்தது. அடுத்த வருடம் சிமான்டெக் சென்ட்ரல் பாயின்ட்டையும் வாங்கிவிட்டது.

புரியாததெல்லாம் தப்பு

1995 ஆகஸ்ட்டில் விண்டோஸ் 95 வந்தது. அதுவரை ஃபைல் பெயர் எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூணு எழுத்து. இப்போ நீளமான பெயர் வைக்கலாம். பயன்படுத்துகிறவருக்கு இது சின்ன வசதி. உள்ளே இதைக் கொண்டுவர ஒரு தந்திரம் பண்ணியிருந்தார்கள்.

நீளமான பெயரைத் துண்டு துண்டாக வெட்டி, அதே பழைய பட்டியலில் கூடுதல் வரிகளாகச் சொருகினார்கள். அந்த வரிகளுக்கு, நடைமுறையில் சேர்ந்து வரவே வராத அடையாளங்களை ஒன்றாகக் கொடுத்தார்கள். பழைய புரோகிராம்கள் அதைப் பார்த்தால் "நமக்கெதுக்கு" என்று தாண்டிப் போய்விடும். நல்ல ஐடியாதான். பெரும்பாலான புரோகிராம்கள் அப்படித்தான் தாண்டிப் போயின.

ரிப்பேர் டூல்கள் மட்டும் தாண்டிப் போகவில்லை. ஏன்னா வினோதமா இருக்கிறதைக் கண்டுபிடிக்கிறதுதானே அதோட வேலை! டாஸ் காலத்து டிஸ்க் டூலை விண்டோஸ் 95 டிஸ்க்கில் ஓட்டினால், நீளமான பெயர்களை 'பிழை' என்று எடுத்துக்கொண்டு சரிசெய்துவிடும். அதாவது, அழித்துவிடும். டூலில் பக் எதுவும் இல்லை. 1993-ல் சரியாக இருந்த அதே டூல்தான். உலகம் மாறிவிட்டது, அதற்குச் சொல்லப்படவில்லை.

இதுக்காக விண்டோஸ் 95 ஒரு கதவைப் பூட்டியது. புரோகிராம்கள் டிஸ்க்கில் நேரடியாக எழுத முடியாது. கட்டாயம் எழுதியே ஆகணும்னா, முதலில் 'லாக்' என்று ஒரு கட்டளை கொடுத்துத் தெரிந்தே அனுமதிக்கணும். நான் மேலே சொன்ன 'எஸ்' பெட்டியின் தாத்தா இதுதான்னு சொல்லலாம்.

ரிப்பேர் டூலை ஏன் அப்டேட் பண்ணணும் என்ற கேள்விக்கு முதல் உண்மையான பதில் இங்கேதான் கிடைக்கிறது. புது வசதிக்காக இல்லை. பழைய டூலுக்குத் தனக்குப் புரியாததெல்லாம் தப்பாகத் தெரியும் என்பதால். அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள ஃபேட்32 என்ற புது டிஸ்க் அமைப்பு வந்தபோதும் பழைய டூல்கள் அதே மாதிரி தடுமாறின.

ரெஜிஸ்ட்ரி விஷயத்திலும் அதே பாடம்தான். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மற்ற சாஃப்ட்வேர்களும் தங்கள் செட்டிங்கை எழுதி வைக்கும் பெரிய பேரேடு. அதில் இருக்கும் 'தேவையில்லாத' வரிகளை நீக்கினால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்று டஜன் கணக்கில் கிளீனர்கள் கிளம்பின. மைக்ரோசாஃப்டே ரெஜ்கிளீன் என்று ஒன்றை வெளியிட்டு, பின்னால் விலக்கிக்கொண்டது. இன்றைக்கு ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதை ஆதரிக்கவில்லை என்பதுதான் அவர்களுடைய அறிவிக்கப்பட்ட நிலை. ஒரு வரி தேவையா இல்லையா என்பது அதை எழுதின சாஃப்ட்வேருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர் ஊகிக்கத்தான் முடியும்.

சீல் பிரிக்காத பாக்கெட்

2004-ல் லண்டனைச் சேர்ந்த பிரிஃபார்ம் நிறுவனம் சிகிளீனரை வெளியிட்டது. இலவசம், சின்னது, தற்காலிக ஃபைல்களைச் சுத்தம் பண்ணும். நம்மில் பல பேர் வீட்டு எக்ஸ்பி கம்ப்யூட்டரில் இது இருந்திருக்கும். பிரிஃபார்ம் சொன்ன கணக்குப்படி, 2016-க்குள் 200 கோடிக்கு மேல் டவுன்லோட். 2017 ஜூலையில் ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட், பிரிஃபார்மை வாங்கியது.

அவாஸ்டுக்குத் தெரியாத ஒரு விஷயம், தாங்கள் வாங்கிய வீட்டுக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். அந்த மார்ச் மாதமே, பிரிஃபார்ம் டெவலப்பர் ஒருவரின் கம்ப்யூட்டருக்குள் டீம்வியூவர் வழியாகத் திருடர்கள் நுழைந்திருந்தார்கள். டீம்வியூவர் எதற்கு? தூரத்தில் இருந்தபடியே ஒரு கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் பலரும் பயன்படுத்துகிற சாஃப்ட்வேர்!

2017 ஆகஸ்ட் 15 அன்று சிகிளீனர் 5.33 வெளிவந்தது. அதிகாரப்பூர்வ சர்வரில் இருந்தே டவுன்லோட் ஆனது. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து சரியாக இருந்தது. உள்ளே விஷ நிரல் இருந்தது. பால் பாக்கெட்டில் சீல் பிரிக்காமல்தான் இருக்கு, ஆனா கலப்படம் சீல் வைக்கிறதுக்கு முன்னாடியே நடந்துடுச்சு. கையெழுத்து யார் அனுப்பினார்கள் என்பதைத்தான் சொல்லும். உள்ளே என்ன இருக்கு என்பதற்கு அது சாட்சி இல்லை.

அந்த நிரல் பத்து நிமிடம் சும்மா காத்திருக்கும். பிறகு, தனக்கு அட்மின் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். ஆனா கிளீனருக்கு அட்மின் அனுமதி இல்லாமலா இருக்கும்? நாமதான் 'எஸ்' கொடுத்தாச்சே. அனுமதி இருந்தால், கம்ப்யூட்டரின் பெயர், அதில் என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கு என்பதையெல்லாம் திரட்டி வெளியே அனுப்பும்.

இதில் என்னை ரொம்ப பாதிச்ச ரெண்டு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, பாதிப்பு 32-பிட் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான். 2017-ல் 32-பிட் விண்டோஸ் யாரிடம் இருந்திருக்கும்? பெரும்பாலும் பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களிடம். கிளீனர் அதிகம் தேவைப்பட்டவர்களும் அவர்கள்தான். அவாஸ்டின் கணக்குப்படி 22.7 லட்சம் பேர்.

ரெண்டு, இலவச சிகிளீனர் அப்போது தானாக அப்டேட் ஆகாது. நாமே போய் டவுன்லோட் பண்ணணும். அதனால் சோம்பேறியா 5.32-லேயே இருந்தவர்கள் தப்பித்தார்கள். ஒழுங்கா அப்டேட் பண்ணவர்கள் மாட்டினார்கள். செப்டம்பர் 12-ல் சுத்தமான 5.34 வந்தபோதும் அதே கதை, தானாகப் போய்ச் சேராது. செப்டம்பர் 18-ல்தான் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது.

கடைசியில் பார்த்தால், திருடர்களுக்கு அந்த லட்சக்கணக்கான பேர் மேல் ஆர்வமே இல்லை. அந்தக் கூட்டத்துக்குள் பெரிய டெக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைத் தேடினார்கள். இரண்டாம் கட்ட நிரல் போய்ச் சேர்ந்தது வெறும் 40 கம்ப்யூட்டர்களுக்கு. மீதிப் பேர் எல்லாரும் அந்த 40-ஐப் பிடிக்க வீசின வலையில் வெறும் தண்ணீர்.

2019-ல் மறுபடியும் அவாஸ்டின் உள் நெட்வொர்க்குக்குள் ஆள் நுழைந்தார்கள். இலக்கு சிகிளீனர்தான் என்று அவாஸ்ட் சந்தேகித்தது. இந்த முறை முன்கூட்டியே பிடித்து, அப்டேட் வெளியீட்டை நிறுத்தி, பழைய கையெழுத்துச் சான்றிதழையே ரத்து செய்தார்கள். 2022-ல் நார்ட்டனும் அவாஸ்டும் ஒன்றாகி, ஜென் டிஜிட்டல் என்ற கம்பெனி ஆனது. 1982-ல் தொடங்கிய நார்ட்டன் என்ற பெயரும் 2004-ல் வந்த சிகிளீனரும் இப்போது ஒரே கூரையின் கீழ்.

அப்போ அங்கிளுக்கு என்ன சொல்றது?

"அப்போ அப்டேட்டே பண்ணாதீங்க"ன்னு நான் சொல்ல வரல. விண்டோஸ் 95 கதையை நினைச்சுப் பாருங்க. அப்டேட் பண்ணாத ரிப்பேர் டூல் தன் அறியாமையாலேயே அழிக்கும். சிகிளீனர் கதையில் அப்டேட் பண்ணதே வாசலாச்சு. ரெண்டும் உண்மை. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே விடைதான்: எஸ் கொடுக்கிற எண்ணிக்கையைக் குறைக்கணும். அட்மின் அனுமதியோட உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு டூலும் ஒரு டூப்ளிகேட் சாவி. யார்கிட்ட எத்தனை சாவி இருக்குன்னு தெரியாத வீட்டில், பூட்டு எவ்வளவு நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அங்கிள் கம்ப்யூட்டரில் அந்த மூணையும் அன்இன்ஸ்டால் பண்ணேன். விண்டோஸோடவே வருகிற டிஸ்க் கிளீனப்பை ஓட்டினேன். ஸ்டார்ட் ஆகும்போதே ஓடுகிற தேவையில்லாத புரோகிராம்களை நிறுத்தினேன். உண்மையான பிரச்சினை பழைய ஹார்டு டிஸ்க்தான். எஸ்எஸ்டி மாத்தினா எந்தக் கிளீனரும் தராத வேகம் கிடைக்கும்னு சொன்னேன். முக்கியமான போட்டோக்களை முதல்ல ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து வைக்கச் சொன்னேன்.

அங்கிள் கொஞ்ச நேரம் காலியான திரையைப் பார்த்தார். "எதுவுமே போடலையாப்பா? ஒண்ணாவது இருக்கட்டுமே, பாதுகாப்புக்கு" என்றார்.

40 வருஷ வரலாறு அந்த ஒரு வரியில் இருக்கு. கையைக் கட்டிக்கொண்டு பெட்டியின் மேல் நின்ற அந்த மனிதர் நமக்குக் கொடுத்த தைரியம் அது. தப்பான தைரியம்னு சொல்லமாட்டேன். அன்னைக்கு அவர் நிஜமாவே ஃபைலை மீட்டுக் கொடுத்தார். அவர் பெயரில் வந்தவர்களும், அவர் மாதிரி வந்தவர்களும் அதே சாவியைக் கேட்டார்கள். நாமும் பார்க்காமல் கொடுத்துப் பழகிவிட்டோம்.

அடுத்த தடவை திரை மங்கி அந்தப் பெட்டி வரும்போது, கேட்கிறது யார்னு அதிலேயே பெயர் போட்டிருக்கும். ஒரு தடவை படிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.