வேய்ஸைட் பள்ளிக் கதைகள்

வேய்ஸைட் பள்ளிக் கதைகள், அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் சாக்கர் (பிறப்பு 1954) எழுதிய சிறுவர் நகைச்சுவை நூல்வரிசை. முதல் நூல் 1978இல் வெளிவந்தது.

தோற்றம்: கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், சாக்கர் ஹில்சைடு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்களுக்கு உதவியாளராக இருந்தார். மதிய இடைவேளையில் விளையாட்டுத் திடலைக் கவனித்துக்கொண்ட அவரைப் பிள்ளைகள் ‘திடல் வாத்தியார் லூயிஸ்’ என்று அழைத்தார்கள். பின்னர் எழுதிய கதைகளில் அந்தப் பிள்ளைகளின் பெயர்களையே பாத்திரங்களுக்கு வைத்தார்; திடல் வாத்தியாராகத் தாமும் கதைக்குள் வந்தார்.

கதைக்களம்: ஒரே தளத்தில் 30 வகுப்பறைகளாக வேய்ஸைட் பள்ளியைக் கட்டவேண்டியவர், தவறுதலாக ஒன்றின்மேல் ஒன்றாக 30 மாடிகளை எழுப்பிவிடுகிறார். அதில் 19ஆம் மாடி மட்டும் கிடையாது. முதல் நூலிலும் 30 அத்தியாயங்கள். மாடி இல்லாததால் 19ஆம் அத்தியாயம் சில சொற்களிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாம் நூலிலோ 19 என்ற எண்ணில் மூன்று அத்தியாயங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இல்லாத மாடியில், இல்லாத ஆசிரியை பாடம் நடத்துகிறார்.

நகைச்சுவை முறை: இங்கே அபத்தத்துக்கும் கணக்கு உண்டு. புதிதாக வந்த ஜூல்ஸ் டீச்சர், இவ்வளவு அழகானவை பிள்ளைகளாக இருக்க முடியாது, குரங்குகள்தாம் என்று முடிவு கட்டுகிறார். மூன்றாம் நூலில் பள்ளிக்கு இரண்டு மின்தூக்கிகள் வருகின்றன. ஒன்று மேலே மட்டும் போகும், மற்றது கீழே மட்டும் வரும். மோதலுக்கு வழியே இல்லாத ஏற்பாடு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் ஓடுகிறது. பெரியவர்கள் போடும் விதியைக் கடைசிவரை கொண்டுபோய்க் காட்டுவதே சாக்கரின் உத்தி.

இடம்: தாமஸ் ஹியூஸின் ‘டாம் பிரவுன்’ (1857) வழிவந்த ஆங்கிலப் பள்ளிக் கதைகளில் பள்ளி பிள்ளையைத் திருத்தும். வேய்ஸைடில் கோணல் பள்ளியில் இருக்கிறது. பிள்ளைகள்தாம் அதைச் சமாளிக்கிறார்கள். காரணம் சொல்லப்படாத விதிகளுக்கு நாள்தோறும் அடங்கி நடக்கும் சிறுவர்களால் இக்கதைகளைத் தங்கள் பள்ளிக் கதையாகவே படிக்க முடிகிறது.

பிற்காலம்: தொடர்நூல்கள் 1989, 1995 ஆண்டுகளில் வந்தன. கணக்குப் புதிர்களுக்கென்றும் தனி நூல்கள் உண்டு. ‘ஹோல்ஸ்’ நாவலுக்காக 1999இல் சாக்கர் நியூபெரி பதக்கம் பெற்றார். முதல் நூலுக்கு 42 ஆண்டுகள் கழித்து, 2020இல் நான்காம் நூல் வெளியானது. அதிலும் ஜூல்ஸ் டீச்சரின் வகுப்பு 30ஆம் மாடியில்தான் நடக்கிறது.