எச்.ஐ.வி. தொற்றும் தாய்மையும்: முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கே
எச்.ஐ.வி. தொற்றுள்ள கர்ப்பிணிக்கு, உரிய விவரங்களை அறிந்து அவர் ஒப்புதல் அளிக்காமல் கருக்கலைப்போ கருத்தடை அறுவை சிகிச்சையோ செய்யக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் இது நடைமுறையில் உள்ளது. 'இனி குழந்தை வேண்டாம்' என்று குடும்பத்தாரோ மருத்துவரோ தாமாகத் தீர்மானிக்க இடமில்லை.

சிகிச்சை இல்லாதபோது தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய் கூட்டு மருந்தைத் தவறாது உட்கொண்டு, பிறந்த குழந்தைக்கும் தடுப்பு மருந்து அளித்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே குறையும். அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இம்மருந்துகள் இலவசம். ரத்தத்தில் வைரஸின் அளவு கட்டுக்குள் வந்த பின்னர் கருத்தரிப்பதே பாதுகாப்பானது.

குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடுவோர் காப்பர்-டி பொருத்திக்கொண்டாலும் ஆணுறையைக் கைவிடலாகாது. பால்வினை நோய்களைக் காப்பர்-டி தடுக்காது. ஆலோசனைக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1097.