மறுப்பும் நிர்மாணமும்: அலிகர் பள்ளிவாசல்

அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வளாகப் பள்ளிவாசலில் சர் சையித் அஹ்மத் கான் நல்லடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஆங்கில அரசோடு இணங்கிச் சமுதாயத்திற்கு நவீனக் கல்வி தேடியவர் அவர். அவருடைய கல்லூரிக்கு 1877இல் அடிக்கல் நாட்டியவரும் வைஸ்ராய் லிட்டன் பிரபுவே.

கிலாஃபத், ஒத்துழையாமை இயக்கங்களின் அழைப்பையேற்று, அரசு சார்ந்த கல்வியைத் துறந்த அக்கல்லூரி மாணவர்கள், 1920 அக்டோபர் 29 வெள்ளிக்கிழமை கூடியது அதே பள்ளிவாசலில்தான். மால்டாச் சிறையிலிருந்து அவ்வாண்டு மீண்டிருந்த தேவ்பந்த் பேரறிஞர் ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் நோயுற்ற நிலையிலும் வந்திருந்தார்; அவரது உரையை மௌலானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி வாசித்தார். ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா பிறந்தது. நவம்பர் 30இல் மௌலானா வஃபாத்தானார்.

அம்மாணவர்கள் மறுப்போடு நின்றுவிடவில்லை; கூடாரங்களில் கல்வியைத் தொடர்ந்தனர். 1925இல் ஜாமிஆ டெல்லிக்குப் பெயர்ந்தது. அன்று வெளியேறியோருள் ஒருவரான ஜாகிர் ஹுஸைன், 1926இல் அதன் துணைவேந்தரானார். பிரிவினைக்குப்பின், 1948இல், அலிகருக்கும் அவரே துணைவேந்தராகத் திரும்பினார். அன்றைய எதிர்ப்பு அறிவின்மீதன்று, அடிமைத்தனத்தின்மீதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?