முக்கியாச்சு... காய்ஞ்சாச்சா?

எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைன்னு யாரும் சொல்றதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்து சிவகாசியில் ஆரம்பித்த தொழில். கைவேலைக்கு ஒரு வரிசை உண்டு. குச்சியைக் கட்டையில் அடுக்கணும், மெழுகில் முக்கணும், அப்புறம் மருந்தில் முக்கணும், காய வைக்கணும், கடைசியாத்தான் பெட்டியில் அடைக்கணும். மெழுகை விட்டுட்டா மருந்து சீறி அணைஞ்சிடும், குச்சியில் தீ பிடிக்காது.

இது இப்ப எதுக்குன்னு கேக்குறீங்களா? கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

2009 ஆகஸ்ட், தீபாவளி ஆர்டர் சமயம். ஒரு பட்டாசு ஆபீஸ் சர்வர் என் பொறுப்பில். சென்ட்ஓஎஸ் 5, மைஎஸ்க்யூஎல், அதை நம்பி ஓடும் பில் புரோகிராம். மின்வெட்டுக் காலம், யுபிஎஸ் பேட்டரியும் மண்டையைப் போட்டாச்சு. கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்திரிக்கும், பில் புரோகிராம் மட்டும் எழாது. வாசலில் லாரி நிக்குது, பில் இல்லாம சரக்கு நகராது.

ஆதிகால யுனிக்ஸில் 'ஆர்சி' என்று ஒரே ஸ்கிரிப்ட். அதில் எழுதின வரிசைதான் எல்லாம் கிளம்புற வரிசை. 1980களில் சிஸ்டம் ஃபைவ் வழி வந்தது: ஆளுக்கொரு ஸ்கிரிப்ட், பெயருக்கு முன்னால் ஒரு எண், சின்ன எண் முதலில். சென்ட்ஓஎஸ் 5இல் மைஎஸ்க்யூஎல் எஸ்64, அப்பாச்சி எஸ்85. நம்மாளு (நான்தான்!) பில் புரோகிராமுக்குப் போட்டிருந்தது எஸ்60. எஸ்90 ஆக்கினேன், ஓடுச்சு.

ரெண்டே வாரம். மறுபடி அதே கூத்து.

இந்தத் தடவை எண் சரி. கரண்ட் பட்டுன்னு போனதால் மைஎஸ்க்யூஎல் எழுந்ததும் பாதியில் நின்ன கணக்கையெல்லாம் சரிபார்த்துக்கிட்டு இருந்திருக்கு. அதன் ஸ்கிரிப்ட் கொஞ்ச நேரம் பார்த்துட்டு அடுத்த ஆளுக்கு வழி விட்டுருச்சு. அப்பத்தான் உறைச்சது. யார் முன்னாலன்னு எண் சொல்லும், தயாரான்னு சொல்லாது. முக்கியாச்சு, ஆனா காயலை. ஈரக் குச்சியைப் பெட்டியில் அடைச்சிருக்கேன்.

இதே சிக்கலோடு உலகமே மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் இருந்தது. 2006இல் ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட் எழுதிய அப்ஸ்டார்ட், உபுண்டு 6.10இல் வந்தது. 'இது நடந்தா அதைக் கிளப்பு' என்பது அதன் வழி. 2011இல் டெபியன் 6, யாருக்கு யார் வேணும்னு ஸ்கிரிப்ட்டே சொல்ல, வரிசையைத் தானே கணக்குப் போட்டது. 2010இல் லென்னார்ட் பெட்டரிங்கும் கே சீவர்ஸும் கொண்டுவந்த சிஸ்டம்டி, 2011இல் ஃபெடோரா 15க்கும் 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04க்கும் போய்ச் சேர்ந்தது.

சிஸ்டம்டி ரெண்டு கேள்வியைப் பிரிச்சு வைக்குது. 'ரிக்வயர்ஸ்' என்றால் அவன் எனக்கு வேணும். 'ஆஃப்டர்' என்றால் அவனுக்குப் பின்னால் நான். முதலாவதை மட்டும் எழுதினா ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடுவாங்க. இன்னிக்கும் பலர் வழுக்குற இடம் இது. மூணாவதா 'டைப்' என்பதில் 'நோட்டிஃபை' என்று போட்டால், 'நான் தயார்'னு சேவையே வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் பின்னால் இருக்கிறவன் காத்திருப்பான். சேவைக்கு அப்படிச் சொல்லத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

2009இல் அதெல்லாம் ஏது? மைஎஸ்க்யூஎல் கதவை அஞ்சு விநாடிக்கு ஒரு தடவை தட்டி, பதில் வந்தா மட்டும் பில் புரோகிராமைக் கிளப்புற நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். அந்த சீசன் முழுக்க லாரி நிக்கலை.

டிஸ்கி: பேட்டரி வாங்கிக் கொடுத்தது தீபாவளிக்கு அப்புறம்தான்.